உப்புக் காற்றில் இரும்பு ஒட்டுதல்

மாரி மழை தொடங்குமுன் வயலை உழுது விதைத்துவிட வேண்டும் என்பது தீவகத்து விவசாயிகள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்த இரண்டு மூன்று கிழமைக்குள் லாண்ட்மாஸ்டர் கலப்பையின் சட்டத்தில் ஒரு வெடிப்பு விழுந்துவிட்டால் என்ன செய்வது? வேலணையிலோ புங்குடுதீவிலோ இருப்பவர் அதைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒட்டுக்கடைக்குப் போகலாம். அனலைதீவில் இருப்பவர் ஊர்காவற்றுறைக்குப் படகு ஏற வேண்டும். நெடுந்தீவில் இருப்பவர் குறிகட்டுவானுக்குப் படகு ஏற வேண்டும். கடல் கொந்தளித்தால் படகும் இல்லை. ஐந்து நிமிட வேலைக்காக இரண்டு மூன்று நாட்கள் போய்விடும்.

1990இலும் 1991இலும் தீவுகளிலிருந்து இடம்பெயர்ந்து, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து மீண்டும் பெயர்ந்து, பல இடங்களில் தங்கிய குடும்பங்களுக்கு இரும்புச் சாமான் பற்றிய அனுபவம் நிறையவே உண்டு. நிலத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மண்வெட்டியையும் அலவாங்கையும் தண்ணீர் இறைக்கும் மிஷினையும் கொண்டுபோனவர்கள் போன இடத்தில் கூலிக்காவது தோட்டம் செய்தார்கள். விட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்தபோது படலையும் கிணற்றுக் கப்பிச் சட்டமும் கறள் தின்று உதிர்ந்து கிடந்ததைக் கண்டார்கள். எனவே வெல்டிங் பற்றிச் சிறிது அறிந்திருப்பது, ஊருக்குத் திரும்பியவர்களுக்கும் இன்னும் வேறிடத்தில் இருப்பவர்களுக்கும் பயன்படும் என எண்ணுகிறோம். தொழிலாகச் செய்வதற்கல்ல, வீட்டுச் சாமான்களையும் தோட்டச் சாமான்களையும் திருத்துவதற்கு.

பாடப்புத்தகங்கள் இதைக் காய்ச்சி இணைத்தல் என்று சொல்லும். ஊர்க் கொல்லர் இரண்டு இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடித்து ஒன்றாக்குவதும் இதே கலைதான். மின்சார வெல்டிங்கில் றொட்டின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே எழும் சுடர் 1500 பாகையளவில் உருகும் இரும்பை ஒரு கணத்தில் உருக்கிவிடுகிறது. றொட்டின்மேல் இருக்கும் பூச்சு எரிந்து புகையாகி, உருகிய இரும்பைக் காற்றுப் படாமல் காக்கிறது. மிகுதி கசடாக மேலே படிந்து மூடுகிறது. இப்படிப் பூச்சிட்ட றொட்டை உருவாக்கியவர் சுவீடனைச் சேர்ந்த ஒஸ்கார் ஷெல்பேர்க் என்ற பொறியியலாளர். அவர் 1904இல் தமது கம்பனியைத் தொடங்கியது, துறைமுகத்தில் கப்பல்களையும் நீராவிக் கொதிகலன்களையும் திருத்துவதை மனதில் வைத்துத்தான். கடற்கரையில் பழுது பார்ப்பதற்கென்றே பிறந்த முறை என்றாலும் பிழையில்லை.

கடைகளில் இன்று வாயுவுடன் கம்பிச் சுருள் ஓடும் மிக் மிஷின்களும் விற்கிறார்கள். மூடிய கட்டடத்துக்குள் அவை நல்லவை. தீவின் வெளிக் காற்றில் அந்த வாயு பறந்துவிடும். ஒட்டு முழுவதும் துளை விழும். சிலிண்டரைப் படகில் ஏற்றி இறக்குவதும் தனித் தொல்லை. எமது தேவைக்கு றொட் வெல்டிங்கே பொருத்தம். பழைய செப்புச் சுருள் மிஷின் உறுதியானது. ஆனால் பாரம், மின்சாரமும் அதிகம் குடிக்கும். இன்வேட்டர் மிஷின் ஒரு கையால் தூக்கக்கூடியது, குறைந்த மின்சாரத்தில் ஓடும். அதன் பகை உப்பு ஈரமும் கிறைண்டர் தூளும். உள்ளே காற்றாடி அவற்றை இழுத்துக்கொள்ளும் ஆதலால் கிறைண்டர் பிடிக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். வேலை முடிந்ததும் மூடி வீட்டுக்குள் வையுங்கள்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கு நீண்டகாலமாக அந்தந்தத் தீவிலேயே ஓடிய டீசல் மின்பிறப்பாக்கிகள்தான் மின்சாரம் தந்தன. சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த கலப்பு மின்திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இத்தகைய சிறு மின்வலையிலோ சொந்த ஜெனரேற்றரிலோ வேலை செய்பவர் கணக்கை முதலில் பார்க்க வேண்டும். 2.5 மில்லிமீற்றர் றொட்டை 80 அம்பியரில் எரிக்க இன்வேட்டர் மிஷினுக்கு ஏறத்தாழ இரண்டேகால் கிலோவாற்று வேண்டும், அதற்கு 3.5 கே.வீ.ஏ. ஜெனரேற்றராவது தேவை. 3.2 மில்லிமீற்றர் றொட்டுக்கு 5 கே.வீ.ஏ. இல்லாமல் தொடங்க வேண்டாம். மெல்லிய நீட்சி வயரைச் சுருட்டி வைத்தபடி பாவித்தால் வயர் சூடேறி உருகும். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரை முழுவதும் விரித்துப் பாவியுங்கள்.

றொட் வாங்கும்போது ஈ 6013 என்று கேளுங்கள். மெல்லுருக்குக்கு ஏற்றது, எந்தத் திசையிலும் ஒட்டலாம், பழகுபவருக்கு இலகு. கடைக்காரர் 12 கேஜ் என்பது ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர், 10 கேஜ் என்பது 3.2 மில்லிமீற்றர். முன்னையதற்கு 60 முதல் 90 அம்பியர், பின்னையதற்கு 90 முதல் 130 அம்பியர். ஈ 7018 பலமானது என்று சிலர் சொல்லித் தருவார்கள். உண்மைதான், ஆனால் ஈரம் ஏறிய ஈ 7018ஐ 300 பாகைக்கு மேல் காயவைத்தால்தான் அந்தப் பலம் வரும். அது வீட்டில் ஆகாத காரியம்.

ஈரம் என்பதே தீவில் முதல் எதிரி. திறந்த பெட்டியில் ஒரு மாரி கிடந்த றொட் எரியும்போது வெடித்துத் துப்பும், வெள்ளைப் புகை கக்கும், ஒட்டில் ஊசித் துளைகள் விழும். பூச்சு உதிர்ந்து உள்ளே கம்பி கறள் பிடித்திருந்தால் எறிந்துவிடுங்கள். மற்றவற்றை 100 பாகைக்குச் சற்று மேற்பட்ட சூட்டில் ஒரு மணித்தியாலம் காயவைத்தால் சரியாகும். ஊரில் பாண் போறணை இருந்தால், பாண் எடுத்து நெடுநேரம் சென்றபின் மிஞ்சும் சூடு போதும். றொட்டுகளை ஒரு மூடிய ரின்னில் இட்டே வையுங்கள், வெதுப்பகத்தில் பூச்சுத் தூள் சிந்தக்கூடாது. பாண் வேகும் சூட்டில் வைத்தால் பூச்சுக் கருகி றொட் பழுதாகும். காய்ந்தவற்றை இரு பக்கமும் இறுக்கமான மூடி போட்ட பீ.வீ.சீ. குழாய்த் துண்டில் போட்டு வைப்பதே மலிவான வழி.

இரண்டாவது எதிரி உப்பு. கறளைக் கிறைண்டரால் தேய்த்தால் இரும்பு வெள்ளியாகப் பளபளக்கும். ஆனால் குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். சில மணித்தியாலத்தில் அதே இடம் மீண்டும் பழுப்பாகப் பூக்கும். ஆகவே முதலில் சுத்தியலால் தட்டி, செதில் செதிலான கறளை உதிர்த்து, நன்னீரால் கழுவி, வெயிலில் காயவைத்து, அதன்பின்பே தேய்க்க வேண்டும். தேய்த்த அன்றே ஒட்டி, அன்றே பெயின்ற் பூச வேண்டும். தட்டும்போது காதைக் கொடுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். தின்னப்பட்டது மந்தமாக ஒலிக்கும். 3 மில்லிமீற்றர் ஆங்கிள் இரும்பு பாதியாகத் தேய்ந்திருந்தால் அதன் ஓரத்தில் ஒட்ட முயல வேண்டாம், சுடர் பட்டதும் ஓட்டை விழும். தின்னப்பட்ட பகுதியை வெட்டி நீக்கி, திடமான இரும்பு வரும் இடத்தில் புதுத் துண்டை வைத்து ஒட்டுங்கள்.

இங்கே உள்ளூர் வேலைக்கும் தீவு வேலைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு தகட்டின்மேல் இன்னொரு தகட்டை வைத்து ஒட்டும்போது, வன்னிக் கடைகளில் இரண்டு அங்குலம் ஒட்டி இரண்டு அங்குலம் விடுவார்கள். றொட் மிச்சம், தகடும் வளையாது. தீவில் அப்படி விட்டால் இரண்டு தகட்டுக்கும் இடையில் உப்பு ஈரம் புகுந்து உள்ளிருந்தே தின்னும். கறள் பருத்துத் தகட்டையே பிளந்து தள்ளும். சுற்றிவர முழுவதும் மூடி ஒட்டுங்கள். படலைக்குப் பாவிக்கும் சதுரக் குழாயின் வாயையும் அப்படியே மூடுங்கள். எமது பக்கங்களில் ஒட்டு உடைந்து போன படலைகள் குறைவு. ஒட்டுக்குப் பக்கத்து இரும்பு தின்னப்பட்டு விழுந்தவையே அதிகம்.

கை பழகுவதற்குப் பழைய துண்டுகளில் பத்து இருபது றொட்டாவது எரிக்க வேண்டும். நெருப்புக் குச்சி கிழிப்பதுபோல் நுனியை உரசிச் சுடரை எழுப்புங்கள். றொட்டின் பருமன் எவ்வளவோ அவ்வளவு இடைவெளியில் பிடித்து, போகும் திசைக்குச் சற்றே சாய்த்து, ஆறுதலாக இழுங்கள். சரியாக இருந்தால் வடை பொரிவது போன்ற சீரான சத்தம் வரும். ஒட்டு கயிறுபோல மேலே குந்தியிருந்தால் அம்பியர் குறைவு; ஓரம் அரிபட்டுத் துளை விழுந்தால் கூட. நீண்ட ஒட்டை ஒரே மூச்சில் போட வேண்டாம். முதலில் அங்கங்கே பொட்டு வைத்து, மூலைமட்டம் பார்த்து, பிறகு ஒரு பக்கமும் மறுபக்கமுமாக மாறி மாறி ஒட்டினால் சட்டம் முறுகாது. 5 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்பானால் ஓரங்களைச் சாய்வாகத் தேய்த்து வாய்க்கால்போல் ஆக்கி நிரப்ப வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் கசடைத் தட்டி வயர் பிறஷால் துப்புரவாக்குங்கள்.

லாண்ட்மாஸ்டரில் ஒட்டும்போது பற்றரி இருந்தால் அதன் வயரைக் கழற்றுங்கள். ஏர்த் கிளாம்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்தில், தேய்த்த இரும்பில் பிடியுங்கள். தூரத்தில் பிடித்தால் மின்னோட்டம் பெயறிங் வழியாகப் பாய்ந்து அதன் குண்டுகளை அரித்துவிடும். உழவு முடிந்த பிறகுதான் அது சத்தம் போடத் தொடங்கும், காரணமும் விளங்காது.

மண்வெட்டியும் வாகன வில்லும் கடின உருக்கு. அவற்றை வெறுமனே ஒட்டினால் ஒட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிபோல் வெடிக்கும். மண்வெட்டியின் காது வெடித்திருந்தால், தண்ணீர்த் துளி விழுந்ததும் துள்ளி ஓடும் அளவுக்குச் சூடாக்கி, ஒட்டி, காய்ந்த சாம்பலுக்குள் புதைத்து ஆறவிடுங்கள். தண்ணீரில் தோய்க்கவே கூடாது. இறைக்கும் மிஷினின் உடல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. கிறைண்டரில் பிடித்தால் மங்கிய சிவப்பில் குட்டையான பொறி பறக்கும்; துளைத்தால் சுருளாக வராமல் தூளாக உதிரும். அதை அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். பெட்டியின் இழுவைத் தண்டு, சில்லுக் குடம், பிறேக் பெடல் ஆகியவற்றையும் அப்படியே. அவற்றில் ஓர் ஒட்டு விட்டுப்போனால் போவது உயிர்.

டீசல், பெற்றோல் இருந்த பரலையோ தாங்கியையோ ஒருபோதும் ஒட்டவோ வெட்டவோ வேண்டாம். கழுவிய பரலும் வெடித்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. போர் நடந்த மண்ணில் கிடைக்கும் இனந்தெரியாத இரும்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்போம்; ஆனாலும் பழைய இரும்பு பொறுக்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அப்படியொன்றைக் கண்டால் தொடாமல் அடையாளம் வைத்துவிட்டு, கிராம அலுவலருக்கோ 119 இலக்கத்தில் பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும்.

கண்ணைப் பற்றிச் சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். வெயில் கண்ணாடி போதாது. 10ஆம் இலக்கக் கறுப்புக் கண்ணாடி பூட்டிய கவசம் வேண்டும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத் தூர அனுப்புங்கள். அல்லது ஒரு தகட்டை நிறுத்தி மறையுங்கள். சுடர் பட்ட கண் உடனே நோகாது. ஆறு ஏழு மணித்தியாலம் சென்று, நடுச்சாமத்தில் மணல் கொட்டியதுபோல் எரியும். தாய்ப்பால் விடுவது, மூலிகைச் சாறு பிழிவது எதுவும் வேண்டாம். கசக்காமல் மூடிக் குளிர்ந்த துணி வைத்து, ஆசுபத்திரியில் காட்டுங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் மாறும். நாகம் பூசிய குழாயை ஒட்டுமுன் இரண்டு அங்குலத்துக்குப் பூச்சைத் தேய்த்து நீக்கி, காற்று முதுகுப் பக்கம் இருந்து வரும்படி நில்லுங்கள். அந்தப் புகை அன்றிரவே குளிர்காய்ச்சல் கொண்டுவரும். பால் குடித்தால் பிடிக்காது என்பது வெறும் நம்பிக்கை. நைலோன் சேட்டு உடலோடு உருகும், பருத்தியே நல்லது. ஈர மணலில் நின்றோ வியர்வையில் தோய்ந்த கையுறையுடனோ றொட் மாற்ற வேண்டாம்.

ஆளுக்கொரு மிஷின் தேவையில்லை என்பது எமது அபிப்பிராயம். பத்துக் குடும்பத்துக்கு ஒரு மிஷினும், அதைக் கையாளத் தெரிந்த இரண்டு பேரும் போதும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கலாம்; இதற்கு வேண்டியது பலமல்ல, நடுங்காத கை. முறையாகப் படிக்க விரும்பும் பிள்ளைகள் 1995இல் அமைக்கப்பட்ட தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களிலும், யாழ்ப்பாணம் தொழினுட்பக் கல்லூரியிலும், கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலும் விசாரிக்கலாம். என்.வீ.கியூ. சான்றிதழ் உள்ள வெல்டருக்கு வெளியூரிலும் வேலை உண்டு.

பெயின்ற் விடயத்தில் ஒன்று. கசடு ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அதன்மேல் பூசிய பெயின்ற் உரிந்துவிடும். நாகத்தூள் கலந்த அடிப்பூச்சுக் கிடைத்தால் அதுவே சிறந்தது. சிவப்பு ஒக்சைட் மட்டும் பூசிவிட்டு நிறுத்த வேண்டாம்; அது ஈரத்தை உறிஞ்சும், மேலே இரண்டு தரம் எனாமல் பூசுங்கள். கலப்பைக் கொழுவுக்குப் பெயின்ற் நிற்காது. உழவு முடிந்ததும் கழுவிக் காயவைத்துக் கிறீஸ் தடவித் தூக்கி வையுங்கள். பழைய எஞ்சின் ஒயில் பூசுவதானால் கிணற்றடியில் வைத்துப் பூச வேண்டாம். எமது சுண்ணக்கல் நிலத்தில் நன்னீர் மெல்லிய படையாகவே மிதக்கிறது. சிந்திய ஒயில் நேரே அதற்குள் இறங்கும்.