பழைய காருக்கு முந்தைய ஆண்டின் பம்பர்

இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரின் தொழிற்சாலையில் 1962-ஆம் ஆண்டு தொடங்கி 1980-ஆம் ஆண்டு அக்டோபர் வரை உற்பத்தியான எம்.ஜி.பி. என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உலகெங்கும் பரவி, இன்றும் சிரத்தையுள்ளவர்களின் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் நாட்டுச் சாலைகளை நெடுங்காலம் ஆண்ட அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும், இந்தக் காரின் 1798 சி.சி. எஞ்சினும் பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பத்தில் பிறந்தவை ஆகையால், எம்.ஜி.பி. நமக்கு முற்றிலும் அந்நியமான வாகனம் என்றும் சொல்லிவிட முடியாது. அதை வைத்திருப்பவர்களிடையே ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது: 1974-ஆம் ஆண்டின் பிற்பகுதிக்குப் பின் பிறந்த காராக இருந்தால், அதன் தடித்த கறுப்புப் பம்பர்களைக் கழற்றிவிட்டு, முந்தைய ஆண்டுகளின் மெல்லிய குரோம் பம்பர்களைப் பொருத்திக்கொள்கிறார்கள். பார்ப்பவருக்கு இது நாலைந்து போல்ட்டுகளைத் திருகும் காரியமாகவே படும். ஆனால், அந்தக் கறுப்புப் பம்பர் எந்த நிர்ப்பந்தத்தால் வந்தது, அது வந்தபோது காரில் வேறு என்னென்ன மாறின என்பதை அறியாமல் ஸ்பானரை எடுத்தவர்கள், பாதி வேலையில் திகைத்து நின்றுவிடுவதுண்டு.

அந்த நிர்ப்பந்தம் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய அரசாங்கம் தன் வாகனப் பாதுகாப்பு விதிகளில் 215-ஆம் எண் விதியின் மூலம், 1973 மாடல் ஆண்டுக் கார்கள் முன்புறத்தில் மணிக்கு 5 மைல் வேகத்திலும், பின்புறத்தில் மணிக்கு இரண்டரை மைல் வேகத்திலும் ஒரு சுவரில் மோதினாலும் விளக்குகளும் எரிபொருள் அமைப்பும் பழுதடையாமல் இயங்கவேண்டும் என்று ஆணையிட்டது. அடுத்த ஆண்டில் பின்புறத்துக்கும் 5 மைல் என்று விதி இறுகியதோடு, ஊசல்போல் ஆடிவரும் ஒரு கனத்த எடை, தரையிலிருந்து 16 முதல் 20 அங்குலம் வரையுள்ள உயரத்தில் வந்து இடிப்பதையும் பம்பர் தாங்கவேண்டும் என்ற சோதனையும் சேர்ந்தது. ஒரு காரின் பம்பர் இன்னொரு காரின் பம்பரைத்தான் சந்திக்கவேண்டும், விளக்கையோ கிரில்லையோ சந்திக்கக்கூடாது என்பதே இந்த உயரக் கணக்கின் உத்தேசம். அது நியாயமான உத்தேசம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அமெரிக்காவின் கனத்த, நீண்ட கார்களுக்கு இது பெரிய சங்கடமாக இல்லை. தரையோடு தரையாக ஓடும்படி வடிவமைக்கப்பட்ட ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காருக்கோ, அந்தச் சில அங்குலங்கள் ஜீவமரணப் பிரச்சினையாயின. ஏனெனில், ஆபிங்டன் உற்பத்தியில் பெரும்பகுதி வட அமெரிக்காவில்தான் விற்பனையாகி வந்தது. அந்தச் சந்தையை இழந்தால் தொழிற்சாலையே இல்லை.

முதலில், குரோம் பம்பரின் மேலேயே பெரிய ரப்பர்க் கொம்புகளை மாட்டி 1974-இன் தொடக்கத்துக் கார்களை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அந்தத் தற்காலிக ஏற்பாடு சில மாதங்களே நீடித்தது. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் வந்த மாற்றம் அப்படி ஒட்டுப்போட்ட வேலையாக இருக்கவில்லை. கனத்த இரும்புச் சட்டத்தின்மேல் பாலியூரிதேன் வார்த்துச் செய்த ஒரே துண்டான கறுப்பு மூக்கு, கிரில்லையும் தன்னுள் அடக்கிக்கொண்டு, உடலின் வளைவையொட்டியே அமைந்தது. அதை வடித்த கைகளைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே விதிக்காக வேறு பல கம்பெனிகள் தங்கள் கார்களின் முன்னே உத்தரம்போன்ற இரும்புப் பட்டையை நீட்டித் தொங்கவிட்ட காலத்தில், ஆபிங்டன்காரர்கள் தங்கள் காரின் கோட்டைக் கெடுக்காமலிருக்க உண்மையாகவே முயன்றார்கள். உள்நாட்டுக்கு ஒரு வடிவம், அமெரிக்காவுக்கு ஒரு வடிவம் என்று செய்வது கட்டுப்படியாகாமையால், இங்கிலாந்தில் விற்ற கார்களும் அதே மூக்கைப் பெற்றன.

பம்பரின் உயரம் விதிக்கு ஒத்துவரவேண்டும் என்பதற்காகக் காரின் உடலையே, ஓர் அங்குலத்துக்கும் ஒன்றரை அங்குலத்துக்கும் இடைப்பட்ட அளவு தூக்கி நிறுத்தினார்களே, அதுதான் இந்தக் கதையின் துயரமான அம்சம். வெளியிலிருந்து பார்ப்பவர் கறுப்புப் பம்பரை மட்டுமே குறை சொல்லுவார். ஓட்டுகிறவருக்குத் தெரிந்த குறை இந்த உயரந்தான். காரின் கனம் மேலே ஏறியதாலும், முன்பின் இரு முனைகளிலும் பெருத்த எடை சேர்ந்ததாலும், வளைவுகளில் அது முன்னைவிட அதிகமாகச் சாயத் தொடங்கியது. போதாக்குறைக்கு, திறந்த காரில் அந்தச் சாய்வைக் கட்டுப்படுத்திவந்த முன்புற ஆன்டி-ரோல் பாரையும் அதே சமயத்தில் நீக்கிவிட்டார்கள். 1977 மாடல் ஆண்டில் முன்னே தடித்த பாரும், பின்னே புதிதாக ஒன்றும் கொடுத்த பிறகே அந்தக் கார் தன் பழைய நிதானத்தில் ஒரு பகுதியை மீட்டுக்கொண்டது. அமெரிக்கா சென்ற கார்கள் இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர்களை இழந்து ஒற்றைக் கார்புரேட்டரோடு சக்தி குன்றிப்போனதும் இதே காலத்தில்தான். ஆகவே, கறுப்பு மூக்குக் கார் என்றாலே சோர்ந்த கார் என்ற அபிப்பிராயம் பரவிற்று. பம்பரின் பாவம் அதில் கொஞ்சமே.

ஆகையால், ‘குரோம் பம்பர் போடலாமா?’ என்று கேட்கிறவரிடம் நான் திருப்பிக் கேட்க விரும்புவது, ‘உங்களுக்கு வேண்டியது அந்த முகமா, அந்த ஓட்டமா?’ என்பதைத்தான். ஓட்டம் வேண்டுமென்பவர் வெல்டிங் பட்டறைக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை. முன்னே குட்டையான சுருள் ஸ்பிரிங், பின்னே பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஒரு கட்டை அல்லது வளைவு குறைந்த பட்டைகள், நல்ல ஆன்டி-ரோல் பார் ஆகிய இவற்றைக் கொண்டு காரைப் பழைய உயரத்துக்கு இறக்கிவிடலாம். ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும்: குரோம் காலத்துக் காரின் முன் குறுக்குச் சட்டத்தையும் ஸ்பிரிங்குகளையும் அப்படியே கழற்றிக்கொண்டு வந்து மாட்டினால் சரியாகிவிடும் என்று நம்பக்கூடாது. உடலைத் தூக்கியபோது குறுக்குச் சட்டமும் ஸ்பிரிங் தாங்கிகளும் சேர்ந்தே மாறின. ஒரு காலத்துப் பாகம் இன்னொரு காலத்து உடலில் அப்படியே ஒத்துவரும் என்பதற்கு உறுதியில்லை. பிந்திய காருக்கென்றே அளவெடுத்துச் செய்த பாகங்களையே கேட்டு வாங்கவேண்டும்.

முகமும் வேண்டும் என்பவருக்கு, முதலில் எந்த ஆண்டின் முகம் என்ற நிர்ணயம் அவசியமாகிறது. 1962 முதல் 1969 வரை நின்ற சட்டங்களோடு மின்னும் குரோம் கிரில். பிறகு சில ஆண்டுகள் உள்வாங்கிய கறுப்புக் கிரில். 1973 மாடலில் பளபளக்கும் சட்டத்துக்குள் தேன்கூட்டு வலை. 1970 மாடலில் அமெரிக்கா சென்ற கார்களின் பின் பம்பர் இரண்டாகப் பிளந்து, நடுவே நம்பர் பிளேட்டுக்கு இடம் விட்டிருந்தது. தேன்கூட்டு கிரில்லும் முழுப் பின் பம்பரும் கொண்ட 1973-இன் முகமே பிந்திய காருக்கு இயல்பாகப் பொருந்துகிறது என்பது என் அபிப்பிராயம். காரின் உள்ளே இருக்கும் டாஷ்போர்டும் இருக்கைகளும் எழுபதுகளைச் சேர்ந்தவையாக இருக்க, வெளியே அறுபதுகளின் முகத்தை ஒட்டுவது கண்ணுக்கு உறுத்தும்.

முன்புற வேலை பெரும்பாலும் ஸ்பானர் வேலை. எம்.ஜி.பி.யின் முன் மட்கார்டுகள் போல்ட்டில் நிற்பவை. அவற்றைக் கழற்றிவிட்டு, ஹெட்லைட்டுக்குக் கீழே இண்டிகேட்டர் விளக்குக்கான திறப்பு உள்ள பழைய வகை மட்கார்டுகளை மாட்டலாம். கறுப்புப் பம்பரில் அந்த விளக்குகள் பம்பருக்குள்ளேயே பதிந்திருந்தன. ஆகவே, வயர்களைப் புது இடத்துக்கு நீட்டவேண்டும். பம்பருக்குக் கீழே குரோம் காரில் ஒரு தகர மடிப்பு உண்டு, பிந்திய காரில் அது கிடையாது. அதையும், கிரில்லைத் தாங்கும் பிடிகளையும் தேடிச் சேர்க்கவேண்டும். கனத்த மூக்கைத் தாங்குவதற்கென்று முன்னே பற்றவைத்திருக்கும் இரும்புத் தாங்கிகளை என்ன செய்வது என்பதுதான் இங்கே கடினமான கேள்வி. அவற்றில் புதுப் பம்பருக்கு இடைஞ்சலான பகுதியை மட்டும் வெட்டி, எஞ்சியதைப் புதுப் பிடிகளுக்கு ஆதாரமாக வைத்துக்கொள்வதே விவேகம்.

பின்புறத்தில் நிலைமை வேறு. பின் மட்கார்டுகள் உடலோடு பற்றவைக்கப்பட்டவை. கறுப்புப் பம்பர் வந்து அமர்வதற்காக அவற்றின் கீழ்க்கோடி தொழிற்சாலையிலேயே வேறு வடிவில் வெட்டப்பட்டிருந்தது. பம்பரைக் கழற்றியதும் விளக்குக்குக் கீழே உடல் பாதியில் நின்றுபோனதுபோல் ஒரு வெறுமை தெரியும். அங்கே பழைய வகை மட்கார்டின் கீழ்ப்பகுதித் தகட்டை வெட்டி ஒட்டி, வெல்டிங் வைத்து, சமன்செய்து, பெயின்ட் அடிக்கவேண்டும். வெல்டிங்கைத் தவிர்த்து, கைக்குக் கிடைத்த தகரத்தை வைத்துத் தடித்த பட்டி பூசி மறைத்த கார்களும் உண்டு. ஓரிரு மழைக்காலத்தில் பட்டியின் அடியில் துரு புகுந்து, வண்ணம் கொப்புளித்துவிடும். முழு மாற்றத்தில் செலவும் திறமையும் கேட்பது இந்த இடந்தான். பட்டறையின் நாணயம் தெரிவதும் இங்கேதான். இரண்டு வகை உடலும் எத்தனை வேறானவை என்பதற்கு ஒரு சாட்சி சொல்லலாம்: பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுக் கருவிகளைச் சேகரித்து 1988 முதல் எம்.ஜி.பி.யின் முழு உடற்கூட்டைப் புதிதாகவே செய்து விற்கத் தொடங்கியபோது, குரோம் காருக்கு ஒன்று, கறுப்புப் பம்பர்க் காருக்கு ஒன்று என்று தனித்தனியாகவே செய்தது.

வாங்குகிற குரோம் பம்பரின் தரம் பளபளப்பில் தெரியாது. இரும்பின்மேல் காணும் நீல ஒளி வீசும் குரோமியப் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனமே உள்ளது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளும் உண்டு. துருவைத் தடுத்து நிற்பது அதன் அடியிலுள்ள நிக்கல். நிக்கலில் சிக்கனம் செய்த மலிவான பம்பர், கடை அலமாரியில் இருக்கும்வரை அசல் பம்பரைப்போலவே ஜொலிக்கும். வெளியே ஓடிய பிறகு புள்ளிபுள்ளியாகச் சிவக்கும். ஆகவே, நெளிவில்லாத ஓர் அசல் பழைய பம்பர் கிடைத்தால், அதைத் தேய்த்து, செம்பும் நிக்கலும் குரோமியமும் முறையாக ஏற்றிக்கொள்வது, விலை கூடினாலும் நீடித்து உழைக்கும்.

மற்றக் கார்களில் இந்த மாற்றம் இத்தனை ஆழமாகப் போவதில்லை. அமெரிக்காவுக்கென்று நீண்ட பம்பர் மாட்டிய 1974-ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ. 2002-க்கும், அதே காலத்து மெர்சிடிஸ் எஸ்.எல். காருக்கும் ஐரோப்பியப் பம்பர்களைப் போட விரும்புவோர், பெரும்பாலும் பிடிகளை மாற்றி, திறந்துகிடக்கும் துளைகளை அடைத்தால் போதும். ஏனெனில், அங்கே விதிக்காகப் பம்பரை நீட்டினார்களேயொழிய, உடலை அடியோடு திருத்தவில்லை. எம்.ஜி.பி.யில் விதி உடலுக்குள்ளேயே இறங்கிவிட்டது. அதனால்தான், துருப்பிடிக்காத, வெட்டுப்படாத பிந்திய உடல் ஒன்று கையிலிருந்தால், அதை வெட்டவேண்டாம் என்று நான் மன்றாடிக் கேட்பேன். பின் மட்கார்டுகள் எப்படியும் அரித்துப்போய், தகடு மாற்றியே தீரவேண்டிய கார்தான் இந்த மாற்றத்துக்கு உகந்தது. அதே அமெரிக்க அரசாங்கம் 1982-இல் 5 மைல் விதியை இரண்டரை மைலாகத் தளர்த்தியபோது ஆபிங்டன் தொழிற்சாலை மூடி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை நினைத்தால், அந்தக் கறுப்பு மூக்கும் ஒரு காலகட்டத்தின் சாசனமாகவே எனக்குத் தோன்றுகிறது.

மாற்றத்தைச் செய்தே தீருவது என்று தீர்மானித்தவர், வேலைக்கு முன்பே இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதித் தெரிவிப்பது நல்லது. மெல்லிய குரோம் பம்பர், கறுப்புப் பம்பர் தாங்கிய சிறு மோதலைத் தாங்காது என்பதால், சேதக் கணக்கு மாறும். கழற்றிய பம்பர்களை உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்தோடும் விளக்குகளோடும் போல்ட்டுகளோடும் சேர்த்து, வெயில் படாத இடத்தில் வைக்கவேண்டும். பாலியூரிதேன் வெயிலில் வெளுத்து, நாளடைவில் வெடிப்பு விடும். பின்னொரு நாள் காரை வாங்குகிறவர், அதன் சொந்த ஆண்டின் முகத்தையே திரும்பக் கேட்கக்கூடும்; வெட்டிய இடங்களை வெட்டுமுன் எடுத்த புகைப்படங்களும், மாற்றிய பாகங்களின் விவரமும் காரின் தஸ்தாவேஜுகளோடு இருந்தால் அவருடைய பட்டறைக்காரருக்குப் பெரும் பிரயாசை மிச்சமாகும்.