பனிக்காலப் பூச்செடிகள்

பனிக்காலப் பூச்செடிகள் என்பவை ஆண்டின் குளிர்ந்த மாதங்களில் திறந்தவெளியில் வளர்ந்து பூப்பவை. தமிழ் மரபில் மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். ஆனால் தமிழ்நாட்டுச் சமவெளியில் இச்செடிகளுக்கு உதவும் குளிர்ச்சி டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரைதான் நீடிக்கிறது. அந்த இரண்டு மாதங்களில் பூ வேண்டுமானால், குளிரின் சுவடே தெரியாத செப்டம்பரில் விதை போட்டிருக்க வேண்டும். பனிக்காலத் தோட்டம் தோற்றுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் உரமோ மண்ணோ அல்ல, தாமதமே.

குளிர் எவ்வளவு?

டெல்லியில் சனவரி மாதச் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். சென்னையில் அது சுமார் 21 டிகிரி. ‘குளிர்கால மலர்கள்’ என்று விற்கும் விதைப் பொட்டலங்கள் பலவற்றில் உள்ள குறிப்பு வட இந்தியக் குளிருக்குப் பொருந்துவது. அக்டோபர், நவம்பரில் விதைத்தால் அங்கே மார்ச் வரை பூ நிற்கும். அதே குறிப்பை நம்பி நவம்பர் கடைசியில் மதுரையில் விதைத்தால், செடி மொட்டு வைக்கும் நேரத்தில் மாசி வெயில் வந்துவிடும். வளர்ச்சி குன்றி, சிறிய பூக்கள் நாலைந்து பூத்துவிட்டுக் காய்ந்துபோகும்.

செடியைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கணக்குதான். பெட்டூனியா, டயாந்தஸ், ஃப்ளாக்ஸ், வெர்பினா, சால்வியா, டாலியா ஆகியவை சமவெளியின் மிதமான குளிரிலேயே நன்றாகப் பூக்கும். பான்சியை உதகைக்கும் கொடைக்கானலுக்கும் விட்டுவிடலாம். டூலிப் கிழங்குக்கு ஏறத்தாழ மூன்று மாதம் தொடர்ச்சியான கடுங்குளிர் தேவை. சென்னை மாடியில் வளர்க்க அதை இணையத்தில் வாங்குவது வீண் செலவு.

மலைப்பகுதிகளில் நிலைமை நேர் எதிர். உதகையில் டிசம்பர், சனவரி இரவுகளில் உறைபனி விழும். டாலியா, சால்வியா போன்ற மென்மையான செடிகள் ஒரே இரவில் கருகிவிடும் என்பதால், மாலையில் அவற்றை மூடிவைப்பார்கள். அங்கு மலர்க் கண்காட்சி மே மாதத்தில் நடப்பது இதனோடு பொருந்திப்போகிறது.

இரவின் நீளம்

சில செடிகள் பூப்பதற்குக் குளிரைவிட இரவின் நீளம் முக்கியம். 1920இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு இருவரும் ஒருவகைப் புகையிலையை ஆராய்ந்து, பகல் குறுகினால்தான் அது பூக்கிறது என்று காட்டினர். செடி உண்மையில் அளப்பது பகலை அல்ல, இடையறாத இருட்டை என்பது பிற்கால ஆய்வுகளில் தெரியவந்தது. சென்னையில் சூன் மாதத்து நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம். டிசம்பர் மாதத்துக் குறுகிய பகல் 11 மணி 20 நிமிடம். இந்த ஒன்றரை மணி நேர வேறுபாடே செவ்வந்திக்கும் பாயின்செட்டியாவுக்கும் போதுமானது.

இதனால் நகர வீடுகளில் ஒரு சிக்கல் எழுகிறது. தெருவிளக்கின் வெளிச்சமோ இரவு முழுக்க எரியும் வாசல் விளக்கோ செடிமேல் விழுந்தால், இரவு இன்னும் வரவில்லை என்றே செடி எடுத்துக்கொள்ளும். இலை செழித்திருக்கும், மொட்டு வராது. உரக் குறைவு என்று எண்ணி மேலும் உரம் போடுவோர் உண்டு. தொட்டியை இருட்டான மூலைக்கு நகர்த்தினாலே போதும். வணிகமாகச் செவ்வந்தி பயிரிடுவோர் இதையே தலைகீழாகப் பயன்படுத்துகின்றனர்: இரவில் விளக்கெரித்துப் பூப்பதைத் தள்ளிப்போட்டு, விலை கிடைக்கும் நாளில் பூவைச் சந்தைக்குக் கொண்டுவருகின்றனர்.

பாயின்செட்டியாவில் நாம் சிவப்புப் பூ என்று பார்ப்பது பூவே அல்ல. அவை நிறம் மாறிய இலைகள். நடுவில் உள்ள சிறு மஞ்சள் மணிகளே பூக்கள். காகிதப்பூவின் வண்ணமும் அத்தகையதே. ஆனால் காகிதப்பூவுக்கு இருட்டைவிட வறட்சி பிடிக்கும். மழை ஓய்ந்ததும் தண்ணீரைக் குறைத்தால் கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

மழைக்குள் நாற்று

செப்டம்பர் கடைசியில் விதைத்தால், நாற்றுப் பருவம் முழுவதும் வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்ளும். கடினமான பகுதி இதுதான். நாற்றின் அடித்தண்டு நீர்கோத்து மெலிந்து, ஒரே இரவில் தட்டு முழுவதும் சாய்ந்துவிடுவதை நாற்றழுகல் என்பர். மண்ணில் வாழும் பித்தியம் முதலிய நுண்ணுயிரிகளால் இது வருகிறது. ஈரமும் நெருக்கமும் அதற்கு உதவுகின்றன. தோட்டத்து மண்ணைத் தவிர்த்து, தென்னை நார்க்கழிவும் மணலும் கலந்து நிரப்பி, மழை படாத ஆனால் வெளிச்சம் வரும் திண்ணையிலோ கூரை ஓரத்திலோ தட்டை வைக்க வேண்டும்.

பெட்டூனியா விதை பொடியைப் போன்றது. ஒரு கிராமில் ஏறத்தாழ 10,000 விதைகள் இருக்கும். அதை மண்ணால் மூடக்கூடாது, ஏனெனில் முளைக்க வெளிச்சம் வேண்டும். மெல்லிய மணலோடு கலந்து தூவி, தெளிப்பானால் நனைத்தால் போதும். ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். பூக்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். செண்டுமல்லி இவ்வளவு பொறுமை கேட்காது. நாலைந்து நாளில் முளைத்து, இரண்டு மாதத்தில் பூத்துவிடும். செப்டம்பரைத் தவறவிட்டவர்கள் அக்டோபர் இறுதியில் செண்டுமல்லியை நாடலாம்.

ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். வாடிய பூக்களை அவ்வப்போது நீக்காவிட்டால் செடி விதை கட்டத் தொடங்கி, பூப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

வெயில் விழும் இடம்

டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், சென்னையில் 10 அடிச் சுவரின் நண்பகல் நிழல் வடக்குப் பக்கம் ஏழடிக்கும் சற்றுக் கூடுதலாக நீளும். சூன் மாதத்தில் நல்ல வெயில் பட்ட வடக்குத் தாழ்வாரம் பனிக்காலத்தில் நாள் முழுதும் நிழலாகிவிடும். தொட்டிகளைத் தெற்கு அல்லது கிழக்குப் பக்கம் மாற்ற வேண்டும். தண்ணீரைக் காலையில் வேரில் ஊற்றுவது நல்லது. மாலையில் இலைமேல் ஊற்றினால் பனியும் சேர்ந்து ஈரம் தங்கும். செவ்வந்தியில் அசுவினி வரும். இளந்தளிரைத் திருப்பிப் பார்க்கத் தவறக்கூடாது.

குளிர்ந்த இரவுகளில் பல பூக்களில் ஆந்தோசயனின் என்னும் நிறமி கூடுதலாகச் சேர்கிறது. சிவப்பும் ஊதாவும் தை மாதத்தில் அடர்ந்து தெரிவதற்கு இது ஒரு காரணம்.

டிசம்பர் பூ

வாங்கிய விதை எதுவும் தேறாவிட்டாலும் ஏமாற்றாத செடி டிசம்பர் பூ. பார்லேரியா கிரிஸ்டேட்டா என்பது இதன் தாவரவியல் பெயர். கனகாம்பரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் இதைப் பிலிப்பைன் வயலட் என்று அழைத்தாலும், இதன் தாயகம் பிலிப்பைன்ஸ் அல்ல. இந்தியா முதல் தென்சீனா வரையுள்ள பகுதி. ஊதா, வெள்ளை, இரண்டும் கலந்த கோடு என மூன்று விதத்தில் பூக்கும். மணமில்லை, ஆனாலும் தொடுத்துத் தலையில் சூடுவர். மழைக்காலத்தில் ஒரு கிளையை ஒடித்து நட்டால் வேர்விடும். பூத்து முடிந்தபின் வெட்டிவிட்டால் அடுத்த ஆண்டு புதராகத் தழைக்கும். மருந்து, உரம் என்று பெரிதாக எதுவும் வேண்டாம்.

பிப்ரவரிக்குப் பின் பெட்டூனியாவைக் காப்பாற்றப் போராடுவதில் பயனில்லை. அந்தத் தொட்டியில் வெயிலைத் தாங்கும் வாடாமல்லியை விதைக்கலாம். காசித்தும்பையின் விதையை, தொட்டால் வெடிக்கும் பருவத்துக்குச் சற்று முன்னரே பறித்து நிழலில் உலர்த்தி எடுத்துவைத்தால் மறுமுறைக்கு ஆகும். கலப்பினப் பெட்டூனியாவின் விதையில் வரும் செடிகள் தாய்ச்செடியின் நிறத்தையும் அளவையும் அப்படியே கொண்டிருக்காது. அதே பூ வேண்டுமானால் ஆண்டுதோறும் புதிய விதை வாங்க வேண்டும்.