உயரத்திலிருந்து விழும் பாம்பு பிழைக்குமா?

'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்பார்கள். ஆனால் பாம்பே நடுங்கவேண்டிய வேளையும் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்துப் புதர்க்காடும் நன்மங்கலம் காப்புக்காடும் போக, தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் மரம் நின்ற இடமெல்லாம் மாடி வீடுகள் எழுந்துவிட்டன. மாடியேறி வரும் பாம்பைக் கழியால் கீழே தள்ளிவிட்டு, "பாம்புதானே, ஒன்றும் ஆகாது" என்று சமாதானம் சொல்வோர் உண்டு. அது உண்மைதானா? பௌதிகத்தைக் கேட்போம்.

விழும் பொருளைப் புவி இழுக்கிறது, காற்று தடுக்கிறது. வேகம் கூடக் கூடத் தடையும் கூடும். இரண்டும் சமமானபின் வேகம் ஏறுவதில்லை. இதுவே முற்றுத் திசைவேகம். ஒரு பொருளின் நீளம், அகலம், கனம் மூன்றும் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகும்; காற்றை எதிர்க்கும் பரப்போ நான்கு மடங்குதான். எனவே சிறிய உயிர் மெதுவாகவும் பெரிய உயிர் விரைவாகவும் விழும். பிற்காலத்தில் இந்தியாவில் குடியேறி வாழ்ந்த உயிரியல் அறிஞர் ஹால்டேன், 1926-ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் இக்கருத்தை அழகாக விளக்கியுள்ளார்.

நம் பகுதியில் காணும் கொம்பேறிமூக்கனை எடுத்துக்கொள்வோம். விரற்கனமே உள்ள மெல்லிய பாம்பு. உடலைக் கிடையாக நீட்டி விழுந்தால், எவ்வளவு உயரமாயினும் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டரைத் தாண்டாது எனக் கணக்கிடலாம். எடையும் குறைவாதலால் அடியும் குறைவு. கிளைவிட்டுக் கிளை தாவுவது அதற்கு அன்றாட வேலை.

மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் பறக்கும் பாம்பு இதையும் விஞ்சியது. விலா எலும்புகளை விரித்து, உடலைப் பட்டையாக்கி, காற்றில் நெளிந்து சறுக்கி இறங்கும். அதன் இனத்தைச் சேர்ந்த தென்கிழக்காசியப் பாம்பு ஒன்றை ஆராய்ந்த ஜேக் சோச்சா, அது சறுக்கும் விதத்தை 2002-இல் 'நேச்சர்' இதழில் விளக்கினார்.

ஆனால் எல்லாப் பாம்பும் கொம்பேறிமூக்கன் அன்று. பருத்த மலைப்பாம்பைக் காற்று தாங்காது. 10 மீட்டர் உயர மாடியிலிருந்து விழுந்தால் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வேகத்தில் தரையை மோதும். சாரைக்கும் நல்லபாம்புக்கும் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. விழும் இடமும் முக்கியம்: புல்லும் புதரும் அடியை வாங்கிக்கொள்ளும், சிமெண்டுத் தரை வாங்காது. விழுந்த பாம்பு ஊர்ந்து போய்விட்டது என்பதாலேயே அது நலமென்று கொள்ளலாகாது. முதுகெலும்பு முறிந்தோ, உள்ளுறுப்பு சிதைந்தோ பின்னர் மடியக்கூடும்.

கொம்பேறிமூக்கனுக்கு இன்னொரு பழியும் உண்டு. கடித்தபின் மரத்தின் உச்சியேறி, கடியுண்டவரின் சிதைப்புகையைப் பார்த்திருக்குமாம்! அது மனிதனுக்குத் தீங்கு செய்யும் நஞ்சற்றது. ஓணானையும் தவளையையும் தின்று வாழ்வது. மரமேறுவது இரைக்காகவேயன்றிப் புகை பார்க்க அன்று.

ஆகவே, "விழுந்தால் பிழைக்குமா?" என்பதற்கு, "மெலிந்தது பிழைக்கலாம், பருத்தது பிழைப்பது அரிது" என்பதே விடை. தள்ளிவிடுவதற்கு இது அனுமதிச் சீட்டன்று. எந்தப் பாம்பென்று தெரியாதபோது கழியோடு அருகில் செல்வது நமக்கும் ஆபத்து. விலகி நின்று வழிவிடுவோம். போகாவிடில் 101-ஐ அழைத்துத் தீயணைப்புத் துறையினரின் உதவியை நாடுவோம். அறிவு வளர்ந்தால் அச்சம் குறையும். அச்சம் குறைந்தால் கழியும் கீழே இறங்கும்.