இதயத்திற்கு நான்கு மணி நேரம்

கொடையாகப் பெற்ற சிறுநீரகம், குளிர்நிலையில் ஏறத்தாழ ஒரு நாள் வரை பயன்படும் தன்மையுடன் இருக்கும். இதயத்திற்கோ ஏறத்தாழ நான்கு மணி நேரமே உண்டு. அதற்குள் அஃது ஓர் உடலிலிருந்து எடுக்கப்பட்டு, மற்றோர் உடலில் பொருத்தப்பட்டு, மீண்டும் துடிக்க வேண்டும்.

2014 செப்டம்பரில், பெங்களூரில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயம், சென்னை அடையாற்றிலுள்ள மலர் மருத்துவமனையில் காத்திருந்த நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இரு நகரங்களுக்கும் இடையே சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். சாலைவழியே வந்திருந்தால், இதயத்திற்குரிய காலம் பயணத்திலேயே தீர்ந்திருக்கும். வானூர்தியே அந்தக் காலத்தை மீட்டுத் தந்தது.

எனினும், வானூர்தி மருத்துவமனை வாயிலில் இறங்குவதில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கிய பின், கத்திப்பாராவையும் கிண்டியையும் சர்தார் படேல் சாலையையும் கடந்தே அடையாற்றை அடைய வேண்டும். வானில் மிச்சமான நேரத்தைச் சாலை நெரிசல் விழுங்கிவிடக் கூடும். அதனைத் தடுக்கும் ஏற்பாடே ‘பசுமை வழித்தடம்’. போக்குவரத்துக் காவலர்கள் சந்திப்புதோறும் நின்று, அவசர ஊர்தி தடையின்றிச் செல்ல வழியமைப்பர். 2014 ஜூனில், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலிருந்து அடையாறு வரையிலான ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவை, ஓர் இதயம் 14 நிமிடங்களுக்குள் கடந்தது.

உறுப்புகளை மட்டுமன்றி, நோயாளிகளையும் வான்வழி அவசர ஊர்திகள் சுமந்து செல்கின்றன. செயற்கைச் சுவாசக் கருவி, உயிர்வளி உருளை, இதயத்துடிப்புக் காட்டி ஆகியவற்றுடன் மருத்துவரும் செவிலியரும் உடன் செல்வர். பறக்கும்போது வானூர்தியின் உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. அது பெரும்பாலும் உதகமண்டலம் போன்ற மலையூரில் இருப்பதற்கு ஒப்பாகும். நலமுடையோர் இதனை உணர்வது அரிது. ஆனால், மார்புக்கூட்டில் காற்றுத் தேங்கியவருக்கு அக்காற்று விரிந்து நுரையீரலை நெருக்கும். எனவே, புறப்படும் முன்னரே அதனை வெளியேற்றுவர். தேவையெனில் தாழப் பறப்பர்.

வானூர்தியின் விரைவு தரையிலுள்ள வசதிகளைச் சார்ந்தது. ஓடுபாதை, விளக்குகள், எரிபொருள், கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் முன்னுரிமை அனுமதி ஆகிய அனைத்தும் ஒருங்கே அமைய வேண்டும். சென்னை விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதையின் ஒரு பகுதி அடையாற்றின்மேல் பாலமாக அமைந்தது. 2015 டிசம்பரில் அந்த ஆறு பெருக்கெடுத்தபோது, விமான நிலையம் சில நாள்கள் மூடப்பட்டது. அப்போது அரக்கோணம் கடற்படை வானூர்தித் தளம் பயணியர் வானூர்திகளுக்குத் திறந்துவிடப்பட்டது. மாற்றுத் தளம் ஒன்று ஆயத்தமாக இருப்பதன் தேவையை அந்நாள்கள் உணர்த்தின.

இத்தனை ஏற்பாடுகளுக்கும் முன்னே நிற்பது ஒரு குடும்பத்தின் இசைவு. 2008இல் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த பள்ளி மாணவர் ஒருவரின் உறுப்புகளை, மருத்துவர்களான அவருடைய பெற்றோர் கொடையளித்தனர். அச்செயல் தமிழகத்தில் பெரும் விழிப்புணர்வை உண்டாக்கியது. உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடத்தப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2023இல் அறிவித்தது.

ஆற்றொணாத் துயரிலும் ஒரு குடும்பம் ‘சரி’ என்று சொன்ன அந்த நொடியில்தான் இதயத்தின் பயணம் தொடங்குகிறது. விமானியும் மருத்துவரும் காவலரும் மட்டுமல்லர். சங்கொலி கேட்டுத் தம் வண்டியை ஓரமாக நிறுத்தும் ஒவ்வொருவரும் அப்பயணத்தை நிறைவு செய்பவரே.