சாம்பல் சுறா முதுகை வளைத்தால்

மாலத்தீவில் தீவுக் கூட்டங்களை அறுத்துக்கொண்டு கடல் உள்ளே பாயும் ஆழமான கால்வாய்கள்தாம் சாம்பல் பாறைச் சுறாவின் பேட்டை. பெரும்பாலும் ஆள் நீளம்தான் இருக்கும். வால் துடுப்பின் பின்விளிம்பில் ஓடும் அகலமான கறுப்புப் பட்டையை வைத்து அடையாளம் காணலாம். மனிதரைத் தேடி வந்து கடிக்கும் சுபாவம் இதற்கு இல்லை.

ஆனால் நெருக்கினால் சீறும். சீறப்போவதை முன்கூட்டியே காட்டியும் விடும். மூக்கை உயர்த்தி, முதுகை வளைத்து, மார்புத் துடுப்புகளைக் கீழே இறக்கி, உடம்பு முழுவதையும் விறைப்பாக ஆட்டி நீந்தும். பசிபிக்கின் எனிவெட்டாக் பவளத்தீவில் இதைக் கவனித்த ஜான்சன், நெல்சன் என்ற ஆய்வாளர்கள் 1973இல் விரிவாக எழுதினார்கள். முக்குளிப்பவர் வேகமாக நெருங்கும்போதும், பாறைச் சுவரோரம் தப்பும் வழி அடைபடும்போதும் இந்தச் சீற்றம் கூடியது. பின்னாளில் நெல்சன் சிறிய நீர்மூழ்கிக் கலத்தில் துரத்திப் பார்த்தபோது, சுறாக்கள் கலத்தையே கடித்தன. ஆகவே முதுகு வளைவதைப் பார்த்த நொடியில் கேமராவைத் தாழ்த்திவிட வேண்டும். சுறாவிடமிருந்து கண்ணை எடுக்காமல், அது திறந்த கடலுக்குப் போக வழிவிட்டு மெல்ல விலக வேண்டும். பதறி மேலேறினால் அழுத்த நோய் வரக்கூடும். அது கடியைவிட மோசமாக முடியலாம்.

கடிபட்டால், கரை சேரும்வரை காத்திருக்கக் கூடாது. படகிலேயே காயத்தை அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்த வேண்டும்.

நீரோட்டம் எப்படி, எங்கே மேலேறுவது, இரை போட்டுச் சுறாவை வரவழைப்பார்களா என்பதையெல்லாம் இறங்கும் முன்பே வழிகாட்டியிடம் கேட்க, பணம் கட்டியவருக்கு முழு உரிமை உண்டு. சுறாக்கள் ஆழத்தில் திரிகின்றன என்று வழிகாட்டி கீழே அழைத்தாலும் மறுக்கலாம்: பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு மாலத்தீவு விதித்திருக்கும் எல்லை 30 மீட்டர். மனம் ஒப்பாவிட்டால் காரணமே சொல்லாமல் பாதியில் மேலே வரலாம். சாதாரணப் பயணக் காப்பீடு முக்குளிப்பு விபத்துகளைப் பல நேரம் ஏற்பதில்லை. கிளம்பும் முன் பத்திரத்தைப் படித்துவிடுவது நல்லது.

உண்மையில் அதிக ஆபத்தில் இருப்பது சுறாதான். ‘ஃபிஷ் ஹெட்’ என்ற முக்குளிப்புத் தலத்தில் உயிரோடு உலவும் ஒரு சாம்பல் சுறா, சுற்றுலா வழியாக ஆண்டுக்கு 33,500 டாலர் ஈட்டித் தருவதாக 1990களின் தொடக்கத்தில் கணக்கிட்டார்கள். அதையே பிடித்து விற்றால் மீனவருக்குக் கிடைத்தது 32 டாலர்! 2010இல் மாலத்தீவு சுறாப் பிடிப்பைத் தடை செய்தது. ஆனாலும் உலக அளவில் 2020இல் இந்த இனம் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது.

சுறாப் பல்லையோ தாடையையோ நினைவுப் பொருளாக யாராவது நீட்டினால் வாங்க வேண்டாம். 2022இல் பனாமாவில் நடந்த உலக வனவுயிர் வணிக ஒப்பந்த மாநாட்டில் எடுத்த முடிவின்படி, இந்தச் சுறாக் குடும்பத்தின் உறுப்புகளை நாட்டு எல்லை தாண்டி விற்கவும் வாங்கவும் அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும். இந்தியாவோ 2015இலேயே சுறாப் பீலி ஏற்றுமதியைத் தடுத்துவிட்டது.