உரிமைப் பத்திரம் இல்லாத பழைய கார்: வாங்குமுன் அறிந்துகொள்ள வேண்டியவை

சிட்னியின் புறநகர் ஒன்றில், வீட்டுக் கராஜில் பல ஆண்டுகளாகத் துணி போர்த்தி நிறுத்தப்பட்டிருக்கும் 1964ஆம் ஆண்டு ஹோல்டன் கார் விற்பனைக்கு வருகிறது. அல்லது யாழ்ப்பாணத்தில் வாடகைக் காராக ஓடிய ஒஸ்ரின் ஏ40, சென்னை வீதிகளில் ஓடிய அம்பாசடருக்கு மூலமாக அமைந்த மொரிஸ் ஒக்ஸ்போர்ட் போன்ற, நம்மவர்களின் இளமை நினைவுகளோடு கலந்த கார் ஒன்று வருகிறது. விலை நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் விற்பவர், “பத்திரங்கள் எல்லாம் தொலைந்துவிட்டன, பதிவும் எப்போதோ காலாவதியாகிவிட்டது” என்கிறார். இத்தகைய காரை வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால், காகிதம் இல்லை என்பதைவிட, கார் உண்மையில் யாருக்குச் சொந்தம் என்பது தெரியாமலிருப்பதே ஆபத்தானது. காகிதம் இருந்தாலும் இந்த ஆபத்து முற்றாக நீங்கிவிடுவதில்லை. உங்கள் சேமிப்பைக் கொடுப்பதற்குமுன் செய்ய வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இந்நாட்டில் காருக்கு “உறுதி” கிடையாது

காணிக்கு உறுதி இருப்பதுபோலக் காருக்கும் ஓர் உரிமைப் பத்திரம் இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் காரணமின்றி எழுந்ததன்று. இந்தியாவில் “ஆர்.சி. புத்தகம்” எனப்படும் பதிவுச் சான்றிதழில், காரின் மீது கடன் இருந்தால் அதுவும் குறிக்கப்படும். இலங்கையிலும் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் பதிவுச் சான்றிதழிலேயே இடம்பெறும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் காருக்குத் தனியான உரிமைப் பத்திரம் வழங்குகிறது.

அவுஸ்திரேலியாவில் அத்தகைய பத்திரம் எதுவும் இல்லை. நிலத்தைப் பொறுத்தவரை, 1858இல் தென் அவுஸ்திரேலியாவில் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் பரவிய டொரன்ஸ் முறையின்படி, அரசின் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமையை நிலைநாட்டுகிறது. காருக்கு இது பொருந்தாது. நியூ சவுத் வேல்ஸ் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயர், அக்காரைப் பதிவு செய்து அதற்குப் பொறுப்பேற்றிருப்பவரின் பெயர் மட்டுமே. அது சட்டப்படியான உரிமைக்குச் சான்றாகாது. விக்டோரியாவிலும் நிலை இதுவே.

இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் “பிங்க் ஸ்லிப்” என்றால் காரின் உரிமைப் பத்திரம். நியூ சவுத் வேல்ஸில் அதே சொல், கார் பாதுகாப்பாக ஓடக்கூடிய நிலையில் உள்ளதா என்ற பரிசோதனையின் அறிக்கையையே குறிக்கும். எனவே “பிங்க் ஸ்லிப் இருக்கிறது” என்று ஒருவர் சொல்வதை, காரின் உரிமையாளர் அவரே என்பதற்கான ஆதாரமாகக் கொள்ளலாகாது.

உரிமை எவ்வாறு கைமாறுகிறது?

தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் மற்றொருவருக்குக் கொடுக்க முடியாது என்பது பொருள் விற்பனைச் சட்டத்தின் அடிப்படை விதி. இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி எழுந்த இலங்கையின் 1896ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், நியூ சவுத் வேல்ஸின் 1923ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சட்டம், விக்டோரியாவின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய அனைத்திலும் இவ்விதி உண்டு. விதிவிலக்குகள் சில இருப்பினும், அவற்றை நம்பிக் கார் வாங்குதல் அறிவுடைமை ஆகாது.

இவ்விதியிலிருந்து இரண்டு ஆபத்துகள் பிறக்கின்றன.

முதலாவது, கார் திருடப்பட்டதாக இருக்கலாம். நீங்கள் நேர்மையாக, முழு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், உண்மையான உரிமையாளர் அதை மீட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, காரின் மீது கடன் இருக்கலாம். விற்பவர் கடனைக் கட்டத் தவறினால், கடன் கொடுத்த நிறுவனம் காரை உங்கள் வீட்டு வாசலிலிருந்தே எடுத்துச் செல்ல இயலும். இந்த இரண்டாவது ஆபத்துக்கு எளிய பாதுகாப்பு ஒன்று உண்டு.

இரண்டு டொலர் தேடல்

தனிநபர் சொத்துப் பிணையுரிமைப் பதிவேடு, சுருக்கமாக பி.பி.எஸ்.ஆர்., நாடு முழுவதற்குமான ஒரே பதிவேடாக 2012 ஜனவரி 30 முதல் இயங்கி வருகிறது. அதற்குமுன் நியூ சவுத் வேல்ஸில் “ரெவ்ஸ்” என்ற பதிவேடு இருந்தது. இன்றும் சிலர் அப்பெயரையே சொல்வர். அரசின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் ஒரு தேடலுக்கான கட்டணம் 2 டொலர். இதே தகவலைப் பன்மடங்கு விலைக்கு விற்கும் தனியார் தளங்களும் உள்ளதால், முகவரியைக் கவனித்துப் பயன்படுத்துங்கள். கணினி வசதி இல்லாதோர் பொது நூலகக் கணினிகளைப் பயன்படுத்தலாம்.

தேடும்போது கவனிக்க வேண்டியவை:

– 1989 முதல் தயாரிக்கப்பட்ட கார்களுக்கு 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட “வின்” எண் உண்டு. அதற்கு முற்பட்ட கார்களுக்குப் பெரும்பாலும் அது இராது. அவற்றுக்குச் சேஸிஸ் எண்ணைக் கொண்டு தேட வேண்டும்.

– எண்ணை விற்பவர் அனுப்பிய செய்தியிலிருந்து எடுக்காதீர்கள். காரின் உடலிலிருந்து நீங்களே படித்து எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வேறொரு காரைப் பற்றிய பதில் வரலாம், அல்லது “பதிவு எதுவும் இல்லை” என்ற தவறான நிம்மதி கிடைக்கலாம்.

– பணம் கொடுக்கும் நாளில், அல்லது அதற்கு முந்தைய நாளில் தேடுங்கள். சென்ற வாரம் எடுத்த சான்றிதழ் போதாது. இடையில் புதிய கடன் பதிவாகியிருக்கலாம்.

– கிடைக்கும் சான்றிதழைச் சேமித்து வையுங்கள். கடன் எதுவும் இல்லை என்று அது காட்டியிருந்தால், பின்னர் ஒரு கடன் நிறுவனம் உரிமை கோரி வரும்போது உங்களைக் காப்பது அதுவே. ஆனால் கடன் இருப்பதை அறிந்துகொண்டே வாங்கியவருக்கு இப்பாதுகாப்பு கிடைக்காமற் போகலாம்.

சான்றிதழில் கடன் காணப்பட்டால், “பணம் வந்ததும் அடைத்துவிடுவேன்” என்ற சொல்லை நம்ப வேண்டாம். நிலுவைத் தொகையைக் கடன் நிறுவனத்திடம் எழுத்தில் பெற்று, அத்தொகையை நேரே அந்நிறுவனத்துக்குச் செலுத்தி, பதிவு நீக்கப்பட்டதை மறுபடியும் தேடி உறுதி செய்த பின்னரே மீதியை விற்பவருக்குக் கொடுங்கள்.

இச்சான்றிதழுக்கு எல்லைகளும் உண்டு. திருட்டு, விபத்துச் சேதம் பற்றிய விவரங்களும் அதில் வரும். எனினும் அவை தகவல் மட்டுமே. கார் திருடப்பட்டதன்று என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. மேலும், பழுது பார்க்க இயலாதவை எனக் கழிக்கப்பட்ட வாகனங்களின் பதிவேடு பொதுவாக 15 ஆண்டுகள் வரையிலான வாகனங்களையே உள்ளடக்குவதால், பழைய கார் ஒன்று பிற்காலத்தில் பெருஞ்சேதம் அடைந்திருந்தால் அது பதிவில் இராது.

விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டா?

பழைய கார்களைப் பொறுத்தவரை இதுவே மிக முக்கியமான கேள்வி. விற்பவரின் அடையாள ஆவணத்தைப் பாருங்கள். அவர் வசிக்கும் முகவரியிலேயே காரைப் பாருங்கள். பின்னர், கார் அவரிடம் எவ்வாறு வந்தது என்று கேளுங்கள்.

காலஞ்சென்றவரின் காரை மகனோ மகளோ விற்பதாக இருந்தால், அவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதைக் கேளுங்கள். தந்தை இறந்தவுடன் கார் மூத்த மகனுக்கு உரியதாகிவிடுவதில்லை. உயில் இருந்தால், அதில் நியமிக்கப்பட்ட நிறைவேற்றுநரே விற்க உரியவர். உயிலின் படி, மரணச் சான்றிதழ், நீதிமன்ற அங்கீகாரம் பெற்றிருந்தால் அதன் படி ஆகியவற்றைக் கேளுங்கள். உயில் இல்லையெனில், சட்டப்படி வாரிசுகள் ஆனோர் அனைவரின் எழுத்து இசைவின்றி வாங்க வேண்டாம். துக்க வீட்டில் பத்திரம் கேட்பது நாகரிகமன்று என்று தயங்குவோர் உண்டு. பின்னர் உடன்பிறந்தோரிடையே எழும் வழக்கில் நீங்களும் இழுக்கப்படாதிருக்க, அந்தத் தயக்கத்தை விடுவது நல்லது.

பிரிந்து வாழும் கணவன் அல்லது மனைவியின் காரையோ, வெளிநாட்டில் உள்ள உறவினரின் காரையோ ஒருவர் விற்பதாக இருந்தால், உரியவரின் கையொப்பமிட்ட இசைவைப் பெற்று, அவருடன் நேரில் பேசி உறுதி செய்யுங்கள்.

பழுதுபார்க்க விட்டவர் திரும்ப வரவில்லை என்று கூறிப் பட்டறைக்காரர் விற்கும் கார்களும் உண்டு. மீளப் பெறப்படாத பொருளை விற்பதற்குச் சட்டம் தனி நடைமுறை விதித்துள்ளது. உரிமையாளருக்கு அறிவித்தல் கொடுத்தமை முதலான ஆவணங்களைக் காட்ட இயலாதவரிடம் வாங்காதீர்கள்.

உரிமம் பெற்ற கார் வணிகரிடம் வாங்கினால், தடையற்ற உரிமையை அவர் உறுதி செய்யக் கடமைப்பட்டவர். தனி நபரும் தமக்கு விற்கும் உரிமை உண்டு என்பதற்கு அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி பொறுப்பாவார். ஆனால் பிற்பாடு அவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தால் மட்டுமே அப்பொறுப்பால் உங்களுக்குப் பயன் விளையும்.

காரும் காகிதமும் பொருந்துகின்றனவா?

சேஸிஸ் எண், எஞ்சின் எண், அடையாளத் தகடு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். எண் பொறித்த இடத்தில் அரைத்த தடம், புதிதாகப் பூசிய வர்ணம், பொருந்தாத ஆணிகள் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். அரிய மாடல்களில் இது இன்னும் முக்கியமானது: 1971ஆம் ஆண்டு போர்ட் பால்கன் ஜி.டி.எச்.ஓ. மூன்றாம் கட்டக் கார்கள் 300 மட்டுமே தயாரிக்கப்பட்டன. இத்தகைய காரின் அடையாளத்தைச் சாதாரணக் காருக்குச் சூட்டுவதால் கிடைக்கும் இலாபம் பெரிது. எஞ்சின் மாற்றப்பட்டிருப்பது மட்டும் குற்றமன்று. அதற்கான பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய பதிவுத் தாள்கள், பழுதுபார்த்த பட்டியல்கள், காப்புறுதிக் கடிதங்கள், நிழற்படங்கள் ஆகிய அனைத்தும் காரின் வரலாற்றுக்குத் துணைச் சான்றுகள்.

சந்தேகம் வலுத்தால் விற்பவருடன் வாதிட வேண்டாம். எண்களைக் குறித்துக்கொண்டு விலகி, காவல்துறைக்கு அறிவியுங்கள்.

பற்றுச்சீட்டே உங்கள் பத்திரம்

உரிமைப் பத்திரம் இல்லாத நாட்டில், நீங்கள் எழுதி வாங்கும் பற்றுச்சீட்டே நாளை உங்கள் உரிமைக்கு முதற் சான்று. அதில் பின்வருவன இடம்பெற வேண்டும்:

– விற்பவர், வாங்குபவர் இருவரின் முழுப்பெயர், முகவரி, கையொப்பம்

– அடையாள ஆவணத்தின் விவரம்

– காரின் தயாரிப்பு, மாடல், ஆண்டு, சேஸிஸ் எண், எஞ்சின் எண்

– உண்மையான விலை, தேதி

– தாமே உரிமையாளர் என்றும், காரின் மீது கடன் இல்லை என்றும் விற்பவர் கூறும் வாசகம்

பத்திரங்கள் தொலைந்துவிட்டன என்று விற்பவர் கூறினால், கார் தமக்கு எவ்வாறு, எப்போது கிடைத்தது என்பதைச் சட்டபூர்வ உறுதிமொழியாக எழுதித் தருமாறு கேளுங்கள். இதில் சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் கையொப்பமிடலாம். அவர் கட்டணம் பெறுவதில்லை. அறிந்தே பொய்யுரைத்தல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நேர்மையான விற்பனையாளர் பெரும்பாலும் இதற்கு மறுப்புக் கூறமாட்டார். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகச் செலுத்துங்கள்.

வாங்கிய பின்: பதிவு

பதிவிலுள்ள காரை வாங்கினால் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பதிவற்ற காருக்கு, அதன் அடையாளத்தையும் நிலையையும் பரிசோதிக்கும் “புளூ ஸ்லிப்”, மூன்றாம் தரப்புக் காப்புறுதியான “கிரீன் ஸ்லிப்”, உங்கள் அடையாள ஆவணம், கார் உங்களுக்குக் கிடைத்த விதத்தைக் காட்டும் ஆவணம் ஆகியவை தேவை. மேலே கூறிய பற்றுச்சீட்டு இங்கேயும் பயன்படும்.

கார் 30 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகவும் பெரிதும் மூல வடிவிலும் இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட கார்க் கழகத்தில் உறுப்பினராகி, வரலாற்று வாகனத் திட்டத்தில் குறைந்த கட்டணத்தில் பதிவு செய்யலாம். கழக நிகழ்வுகளுக்கு அப்பால், குறிப்பேட்டில் எழுதி ஆண்டுக்கு 60 நாட்கள் ஓட்டலாம்.

மெல்பேர்ணில் வாங்குவோர் கவனத்துக்கு: விக்டோரியாவில் 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆண்டுக்கு 45 அல்லது 90 நாட்கள் ஓட்டும் கழக அனுமதி உண்டு. அந்த அனுமதி காருடன் உங்களுக்கு மாறிவராது. காரை ஓட்டிவர முடியும் என்று எண்ணிப் பயணச்சீட்டை ஒரு வழிக்கு மட்டும் வாங்கிவிட வேண்டாம்.

பதிவற்ற காரை வீட்டு வளாகத்துக்குள் நிறுத்துங்கள். தெருவில் விட்டால், 2021ஆம் ஆண்டின் பொதுவிடங்கள் பற்றிய சட்டப்படி அதை அகற்றும் அதிகாரம் மாநகரசபைக்கு உண்டு. அதுபோல, தெருவில் கைவிடப்பட்டதாகத் தோன்றும் கார் எவருக்கும் உரியதன்று என்று கருதி எடுத்துக்கொள்வதும், அவ்வாறு எடுத்தவரிடம் வாங்குவதும் தவறு.

உதவி பெற

– பி.பி.எஸ்.ஆர். தேடல்: 1300 007 777

– பதிவு, சர்வீஸ் என்.எஸ்.டபிள்யூ.: 13 77 88

– வணிகரிடம் வாங்கியதில் பிணக்கு, பெயர் டிரேடிங்: 13 32 20

– இலவசச் சட்டத் தகவல்: 1300 888 529

– அவசரமற்ற காவல்துறை உதவி: 131 444

– தமிழில் பேச, தேசிய மொழிபெயர்ப்புச் சேவை: 131 450. “தமிழ்” என்று கூறி, நீங்கள் பேச விரும்பும் அலுவலகத்தின் எண்ணைத் தெரிவியுங்கள்.

தனி நபருடனான வழக்கில், 20,000 டொலர் வரையிலான கோரிக்கைகளை உள்ளூர் நீதிமன்றத்தின் சிறுகோரிக்கைப் பிரிவில் தாக்கல் செய்யலாம்.

இக்கட்டுரை பொதுத் தகவலுக்காக மட்டுமே வழங்கப்படுகிறது. உங்கள் நிலைமைக்கான சட்ட ஆலோசனை ஆகாது. கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடும் என்பதால், பணம் செலுத்துமுன் உரிய அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.