குளியலறைக் கதவின் அகலம்

தங்கும் விடுதியின் வாசலில் சாய்தளம் இருந்தால் போதும், சக்கர நாற்காலியில் வருவோருக்கு வசதி செய்தாயிற்று என்று கருதுகிறோம். உண்மையான தடை குளியலறைக் கதவில் தொடங்குகிறது. நாற்காலி நுழையாவிட்டால், முழு வாடகை செலுத்தியவர் குளிக்கவும் வழியின்றித் தவிக்கிறார்.

கதவுத் திறப்பு 90 செ.மீ. இருக்க வேண்டும் என்கின்றன மத்திய அரசின் 2021 வழிகாட்டு நெறிகள். அணுகல் விதிகளுக்கு உட்படாத கட்டட வரைபடத்துக்கு அனுமதி கூடாது என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. ஆனால், விதிகளோ வெறும் பரிந்துரைகளாகவே இருந்தன; அவற்றைக் கட்டாயமாக்குமாறு 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது.

கட்டும்போதே கதவை அகலமாக்கச் சிறு செலவே ஆகும். பின்னர் சுவரை இடிப்பதே பெருஞ்செலவு. பழைய விடுதிகள் முன்பதிவின்போதே கதவின் அகலத்தை அறிவிக்கலாம். அதற்குச் செலவே இல்லை.